ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, பிறகென்ன பயம்?

2025 செப்டம்பர் 2, கேள்வி

உபுண்டு 18.04 இயங்குதளம் ஓடும் ஒரே சர்வர். அதிலேயே போஸ்ட்கிரஸ் 10 தரவுத்தளம், பிஎச்பி 7.2 நிரல்மொழி, இரண்டையும் நம்பி ஆர்டர் எடுக்கும் ஒரு செயலி. வாரம் முழுக்க ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். சனி இரவு 11 மணிக்கு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையின் நகல்) எடுத்துவிட்டு 20.04, அங்கிருந்து 22.04 என்று ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன். ஏதாவது கோளாறானால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுவேன். இதற்கு மேல் திட்டம் என்று ஒன்று வேண்டுமா?

செப்டம்பர் 2, இரவு 9.40

வேண்டும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம் என்பது சரி. எதுவரை திரும்பலாம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு வேலை முடிகிறது. எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிகிறது. ஞாயிறு முழுக்க ஆர்டர்கள் வருகின்றன. திங்கள் காலை 10 மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஃபோன்: கூட்டுத்தொகை உதைக்கிறது. உங்கள் ஸ்னாப்ஷாட் சனி இரவு 11 மணியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. திரும்பினால் ஒன்றரை நாள் ஆர்டர் போய்விடும். திரும்பாவிட்டால் உதைக்கும் கணக்கோடு ஓட வேண்டும்.

ஸ்னாப்ஷாட்டின் ஆயுள், புதிய பதிப்பில் முதல் உண்மையான ஆர்டர் விழும் வரைதான். அதற்குப் பிறகு அது வெறும் பழைய படம். முன்னே போகும் வழியை உபுண்டுவின் மேம்படுத்தும் ஸ்க்ரிப்ட் பார்த்துக்கொள்ளும். முதல் ஆர்டர் விழுந்த பிறகு பின்னே வரும் வழிக்குத்தான் திட்டம் தேவை.

செப்டம்பர் 3, காலை 7.15

தரவு ஒரு டிஸ்க்கிலும் பரிவர்த்தனைப் பதிவு (ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் எழுதிவைக்கும் குறிப்பு) இன்னொரு டிஸ்க்கிலும் இருந்தால், இரண்டையும் ஒரே நொடியில் பிடிக்காத ஸ்னாப்ஷாட்டை நம்பாதீர்கள். இதைச் சேவை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபோனில் கேட்டால் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள்.

செப்டம்பர் 3, மாலை

தினமும் பிஜி-டம்ப் (தரவுத்தளத்தைக் கோப்பாக எழுதிவைக்கும் பேக்கப் கருவி) ஓடுகிறது என்று கேட்டவர் சேர்த்திருக்கிறார். நல்லது. அந்தக் கோப்பிலிருந்து ஒரு தரவுத்தளத்தைக் கடைசியாக எழுப்பிப் பார்த்தது எப்போது?

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை ஒரு பொறியாளர் அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கக் கூப்பிடப்பட்டதோ 9.2 பதிப்பின் பிஜி-டம்ப். பழைய பிஜி-டம்ப் தன்னைவிடப் புதிய சர்வரைத் தொடாது, பிழை சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழையைத் தெரிவிக்கக் கிளம்பிய மின்னஞ்சல்களும் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் தப்பித்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. பதிப்புகள் இப்படி இரண்டாகப் பிரிவது மேம்படுத்தும்போதுதான். மேம்படுத்திய மறுநாள் அதிகாலையில் உங்கள் க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) எந்தப் பதிப்பின் பிஜி-டம்பைக் கூப்பிடும் என்று இப்போதே பாருங்கள். டம்பை எழுப்பிப் பார்க்கும்போது கடிகாரத்தையும் பாருங்கள். எழுப்ப எவ்வளவு நேரம் பிடித்தது என்ற எண் பின்னால் தேவைப்படும்.

செப்டம்பர் 4

"போஸ்ட்கிரஸை அன்றிரவு தொடவே போவதில்லை, 10-ஆகவே விட்டுவிட்டு இயங்குதளத்தை மட்டும் ஏற்றுகிறேன். அதில் என்ன ஆபத்து?"

இதில்தான் பெரிய ஆபத்து. நிதானமாகப் படியுங்கள்.

எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரஸ் தானாகத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் வேறாகச் சொல்லாதவரை, இயங்குதளத்தின் ஜிலிப்-சி நூலகத்தைக் கேட்டுக்கொள்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்-சி 2.28-இல் அந்த வரிசை விதிகள் பெருமளவு மாறின. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. 20.04-இல் இருப்பது 2.31. நடுவில் கோடு விழுந்துவிட்டது.

சோதித்துப் பார்க்கலாம். ஒரு வரியில் 1-1, அடுத்த வரியில் 11 என்று எழுதி, அமெரிக்க ஆங்கில யூடிஎஃப்-8 அமைப்பில், வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள். 18.04-இல் 11 முதலில் வரும், 1-1 அதற்குக் கீழே. 20.04-இல் தலைகீழ்.

இது ஏன் கவலைப்பட வேண்டிய விஷயம்? இண்டெக்ஸ் என்பது, சீக்கிரம் தேடுவதற்காக ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்ட வரிசை. அதைப் பழைய விதிப்படி அடுக்கியாயிற்று. இப்போது புதிய விதிப்படி தேடுகிறது. தேடல் தவறான கிளைக்குள் இறங்கி, அங்கே எதுவும் இல்லாததைக் கண்டு, "அப்படி ஒரு பதிவு இல்லை" என்று சொல்லிவிடுகிறது. பிழைச் செய்தி கிடையாது, பதிவேட்டில் ஒரு வரி கிடையாது.

நான் பார்க்கப் போன ஓர் இடத்தில் நடந்தது இது. ஒரு பொருளின் குறியீடு, நடுவில் சிறுகோடு போட்டது. அதைத் தேடல் பெட்டியில் அடித்தால் "கிடைக்கவில்லை". முழுப் பட்டியலைத் திறந்து கீழே உருட்டினால் கண் முன்னே இருக்கிறது. பணியாளர்கள் என்ன செய்வார்கள்? இல்லையென்று சொல்கிறதே என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். இரட்டைப் பதிவு கூடாது என்று தடுக்க வேண்டிய யூனிக் இண்டெக்ஸும் அதே தவறான கிளையில் தேடிவிட்டு அனுமதித்துவிட்டது. இயங்குதளம் மாறி வாரங்கள் கடந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குள் ஒரே குறியீட்டின் கீழ் இரண்டு இருப்புக் கணக்குகள், இரண்டிலும் உண்மையான விற்பனை. இண்டெக்ஸை மறுபடி கட்டுவது ஒரு கட்டளை. எந்தப் பதிவு அசல், எது நகல் என்று பிரிப்பதற்கு எந்தக் கட்டளையும் இல்லை.

எனவே இயங்குதளத்தை அதே இடத்தில் ஏற்றினால், எழுத்து இருக்கும் எல்லா இண்டெக்ஸையும் ரீஇண்டெக்ஸ் செய்து (மறுபடி கட்டி) முடிக்கும் வரை செயலியைத் திறக்காதீர்கள். அதற்கு ஆகும் நேரமும் உங்கள் சனி இரவுக் கணக்கில் சேர வேண்டும்.

செப்டம்பர் 4, சற்று நேரம் கழித்து

மேலே உள்ளதற்கு ஓர் ஒட்டு. தரவுத்தளம் சி வரிசையமைப்பில் (மொழி விதிகளைப் பார்க்காமல் பைட் மதிப்பை வைத்தே அடுக்கும் முறை) உருவாக்கப்பட்டிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றினாலும் இல்லை, இண்டெக்ஸ் எல்லாம் புதிதாகக் கட்டப்படும். உபுண்டுவின் பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் கருவியும் வழக்கமாக டம்ப் வழியில்தான் போகிறது. ஆபத்து இருப்பது கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழிகளில்: பிஜி-அப்கிரேட் என்ற கருவி, கோப்பு அளவில் நகலெடுத்த துணைச் சர்வர், கேட்டவர் சொன்னதுபோல் "தொடாமல் விடுவது".

சந்தேகம் இருந்தால் ஆம்செக் என்ற நீட்சி போஸ்ட்கிரஸ் 10-இலேயே உண்டு. இண்டெக்ஸின் அடுக்கு சரியா என்று அது பார்த்துச் சொல்லும்.

செப்டம்பர் 5

இந்தச் சர்வர் கடைசியாக எப்போது ரீபூட் ஆனது?

செப்டம்பர் 5, மாலை

"இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கும், கல் மாதிரி நிற்கிறது." பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

மேம்படுத்துவதற்கு ஒரு வாரம் முன்னால், எதையும் மாற்றாமல், வெறுமனே ரீபூட் செய்யுங்கள். இது மட்டும்தான் அன்றைய வேலை. இரண்டு ஆண்டுகளில் யார் யாரோ உள்ளே வந்து ஏதேதோ செய்திருப்பார்கள். கையால் தொடங்கிவிட்டுத் தொடக்கப் பட்டியலில் சேர்க்காத சேவை இருக்கும். நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஃபயர்வால் விதி இருக்கும். தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்-டேப் கோப்பில், எப்போதோ கழற்றப்பட்ட டிஸ்க் ஒன்றின் பெயர் அப்படியே இருக்கும். நான் பார்த்த ஒரு சர்வர் இந்தக் கடைசி வகை. ரீபூட் ஆகும்போது இல்லாத டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, அவசரநிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்டு நின்றது. அதை அடிக்கத் திரையும் விசைப்பலகையும் வேண்டும். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் இன்னும் எழவே இல்லை. சேவை தருபவரின் கன்சோல் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. அந்தக் கன்சோலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடியதில்தான் அன்றைய பொழுது போனது. டிஸ்க்கைத் திருத்த அவ்வளவு நேரம் ஆகவில்லை.

இதே கோளாறு மேம்படுத்தும் இரவில் வந்திருந்தால் எல்லாரும் இயங்குதளத்தின் மையமான புதிய கர்னலைச் சந்தேகித்திருப்பார்கள். ரீபூட்டையும் மேம்படுத்தலையும் இரண்டு நாளாகப் பிரித்தால் யார் மேல் பழி என்ற குழப்பம் பாதி குறையும்.

அப்படியே /பூட் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பாருங்கள். பழைய கர்னல்கள் குவிந்து அது நிரம்பியிருந்தால் மேம்படுத்தல் பாதியில் நிற்கும். முழுதாகத் தோற்றால்கூடச் சமாளிக்கலாம், பாதியில் நிற்பதுதான் வேதனை.

செப்டம்பர் 6

கன்சோல் கடவுச்சொல் எங்களிடமும் இல்லை என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

செப்டம்பர் 8

வார இறுதியில் யோசித்துப் பார்த்தேன். அதே இடத்தில் ஏற்றுவதை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்றே இதுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வழியையே விட்டுவிடலாம்.

பக்கத்தில் ஒரு புதுச் சர்வர் எழுப்புங்கள். உபுண்டு 24.04, அதோடு வரும் போஸ்ட்கிரஸ் 16. அதே இடத்தில் ஏற்றினால் 18.04, 20.04, 22.04, 24.04 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும்; புதுச் சர்வரில் நேராகப் போய் உட்காரலாம். தரவை லாஜிக்கல் ரெப்ளிகேஷனில், அதாவது ஒரு சர்வரில் நடக்கும் மாற்றங்களை இன்னொன்றுக்குத் தொடர்ந்து அனுப்பும் முறையில், கொண்டுவாருங்கள். போஸ்ட்கிரஸ் 10-இலிருந்து அது உள்ளடங்கிய வசதி. இரு பக்கமும் வேறு வேறு பெரும்பதிப்பாக இருக்கலாம். கோப்புகள் நகலாவதில்லை, அட்டவணைப் பதிவுகள்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அதனால் நான்காம் தேதி எழுதிய இண்டெக்ஸ் தொல்லையும் வராது.

நான் இதை விரும்புவதற்கு முதல் காரணம் வேறு. மாற்றும் நேரத்தில் ரெப்ளிகேஷனின் திசையைத் திருப்பிவிடலாம். புதியதில் விழும் ஒவ்வொரு ஆர்டரும் பழையதுக்கும் போய்க்கொண்டிருக்கும். திங்கள் காலை கணக்கு உதைத்தாலும் ஒரு ஆர்டரையும் இழக்காமல் பழையதுக்குத் திரும்பலாம். முதல் நாள் கேட்ட கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை, பதில் இதுதான்.

செப்டம்பர் 9

"அவ்வளவு எளிதா?" என்று நக்கலாகக் கேட்டவருக்கு: இல்லை. எவையெல்லாம் தானாகப் போகாது என்று சொல்லிவிடுகிறேன்.

அட்டவணை அமைப்பு மாற்றங்கள் போகாது. எனவே ரெப்ளிகேஷன் ஓடும் நாள்களில் யாரும் அட்டவணையில் புதுப் பத்தியைச் சேர்க்கக் கூடாது. இதை நிரல் எழுதுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சேர்ப்பார்கள். பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பத்தி) இல்லாத அட்டவணையை, பதிலுக்கு வேறு அடையாளமும் அமைக்காமல் வெளியீட்டில் (அனுப்ப வேண்டிய அட்டவணைகளின் பட்டியலில்) சேர்த்தால், பழைய சர்வரிலேயே திருத்தமும் நீக்கமும் பிழை கொடுத்து நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் செயலியே படுத்துவிடும், கவனம். லார்ஜ் ஆப்ஜெக்ட் (தனியாகச் சேமிக்கப்படும் பெரிய கோப்புத் தரவு) போகாது. ட்ரங்கேட் (அட்டவணையை முழுதாகக் காலி செய்யும் கட்டளை) 10-இல் போகாது, 11-இலிருந்துதான்.

எல்லாவற்றையும்விடப் பலரைக் கடித்தது, புதிய பதிவுகளுக்கு எண் வழங்கும் சீக்வென்ஸ். பதிவுகள் வந்து சேரும், அடுத்த எண் என்ன என்ற கணக்கு வராது. புதியதைத் திறந்ததும் முதல் ஆர்டர் "1" என்ற எண்ணைக் கேட்கும், 1 ஏற்கெனவே இருக்கிறது, பிழை. மாற்றும் நேரத்தில் ஒவ்வொரு சீக்வென்ஸையும் பழையதன் மதிப்புக்கு மேலே சற்று இடைவெளி விட்டு உயர்த்தி வைக்க ஒரு ஸ்க்ரிப்ட் வேண்டும். திரும்பி வர நேர்ந்தால் பழைய சர்வரிலும் அதே வேலை தேவைப்படும். எனவே இரு திசைக்கும் ஸ்க்ரிப்ட் எழுதுங்கள். திரும்பும் திசைக்கானதைத்தான் எல்லாரும் "அப்புறம்" என்று விட்டுவிடுவார்கள்.

பழைய சர்வரின் அமைப்பில் வால்-லெவல் என்பதை (பரிவர்த்தனைப் பதிவில் எவ்வளவு விவரம் எழுதுவது என்ற அமைப்பு) லாஜிக்கல் ஆக்க வேண்டும், அதற்குப் போஸ்ட்கிரஸ் மறுதொடக்கம் தேவை. இதை அந்த வெறும் ரீபூட்டோடு சேர்த்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். வெறும் ரீபூட் வெறும் ரீபூட்டாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 11

சோதனை நகல் பற்றி ஒரு எச்சரிக்கை. உண்மையான தரவோடு நகல் சர்வர் ஒன்றை எழுப்பிச் சோதிக்கச் சொல்லாதவர் இல்லை. எழுப்பிய நொடியிலேயே அதன் க்ரானும் எழும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஓரிடத்தில் நகல் சர்வரை மாலையில் எழுப்பிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நள்ளிரவில் அது தன் கடமையைச் செய்தது: பணம் பாக்கி வைத்திருக்கும் எல்லா வாடிக்கையாளருக்கும் நினைவூட்டல் மின்னஞ்சல். உண்மையான சர்வரும் அதே வேளையில் அதே மின்னஞ்சலை அனுப்பியது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கும் நகலிலிருந்து போனது, ஏனென்றால் நகலில் இருந்தது முந்தைய வாரத் தரவு. மறுநாள் காலை அந்த நிறுவனத்தின் ஃபோன் ஓயவே இல்லை.

நகல் சர்வரிலிருந்து வெளியே போகும் எல்லா வழியையும் ஃபயர்வாலில் அடைத்துவிட்டு, அதன் பிறகு எழுப்புங்கள். க்ரானை நிறுத்துவது மட்டும் போதாது. செயலிக்குள்ளேயே மின்னஞ்சல் வரிசை ஒன்று காத்துக்கொண்டிருக்கும்.

செப்டம்பர் 12

பிஎச்பி பற்றிக் கேட்கிறார்கள். 7.2-இலிருந்து 24.04-இன் 8.3-க்குப் போவது தனிப் பெருவேலை. ஓர் உதாரணம் போதும். பிஎச்பி 7-இல் 0 என்ற எண்ணையும் "இல்லை" என்ற சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் "சமம்" என்று வரும். 2020 நவம்பரில் வந்த 8.0-இலிருந்து "சமமல்ல". பிழையே எழாமல் ஓர் இஃப் வேறு பக்கம் திரும்பிவிடும். தள்ளுபடி கணக்கிடும் இடத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனவே இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் தரவுத்தளம் மட்டும் புதுச் சர்வருக்கு. செயலி பழைய பிஎச்பியோடு பழைய இடத்திலேயே இருந்துகொண்டு வலையமைப்பு வழியாகப் பேசட்டும். போஸ்ட்கிரஸோடு பேசச் செயலி பயன்படுத்தும் லிப்-பிகியூ நூலகம் 18.04-இல் 10-ஆம் பதிப்பு, புதிய ஸ்க்ராம் கடவுச்சொல் முறை அதற்குத் தெரியும். அதைவிடப் பழைய நூலகமாக இருந்தால் உள்ளேயே விடாது. போஸ்ட்கிரஸ் 14-இலிருந்து ஸ்க்ராம்தான் இயல்புநிலை.

இன்னொன்று. 15-இலிருந்து, புதிதாக உருவாக்கும் தரவுத்தளத்தில் பப்ளிக் ஸ்கீமா என்ற பொதுப் பகுதிக்குள் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற சலுகை போய்விட்டது. மாதக் கடைசியில் மட்டும் ஓர் அறிக்கை தற்காலிகமாக அட்டவணை உருவாக்கி அழிக்கும் வழக்கம் உங்கள் செயலியில் இருந்தால், மாதக் கடைசியில்தான் அது தெரியவரும். அந்த அறிக்கையையும் சோதனையில் ஓட்டிவிடுங்கள்.

செப்டம்பர் 13

செயலியையும் தரவுத்தளத்தையும் பிரித்து வைத்தால் வேகம் குறையாதா என்ற கேள்வி நியாயமானது. ஒரே சர்வரில் இருந்தபோது செயலி தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் போக்குவரத்துச் செலவு ஏறத்தாழ இல்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிவினாடி என்று வையுங்கள். செயலியின் ஒரு திரைப்பக்கம் 20 கேள்வி கேட்டால் 10 மில்லிவினாடி, யாருக்கும் தெரியாது. 2,000 கேள்வி கேட்கும் பக்கம் ஒன்று எங்காவது ஒளிந்திருந்தால் முழுதாக ஒரு வினாடி கூடும். ஒளிந்திருக்கும். கண்டுபிடியுங்கள்.

செப்டம்பர் 15

திரும்பும் முடிவை யார் எடுப்பது, எத்தனை மணிக்கு எடுப்பது. இதை முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டுங்கள். காலை 6 முதல் 9 வரை மூன்று மணி நேரம் அனுமதி. திரும்ப 40 நிமிடம் ஆகும் என்று ஒத்திகையில் தெரிந்தது. அதன் மேல் 20 நிமிடம் கைத்தடுமாற்றத்துக்கு. ஆக 8 மணிக்கு எல்லாம் சரியாக இல்லையென்றால் திரும்புகிறோம். "இன்னும் அஞ்சு நிமிடம், பிடித்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்வார். அவர் உண்மையாகவே பிடித்தும் இருக்கலாம். இருந்தாலும் திரும்புகிறோம். முடிவெடுப்பவர் விசைப்பலகையில் கை வைத்திருப்பவராக இருக்கக் கூடாது. பிழையைத் துரத்திக்கொண்டிருப்பவருக்குக் கடிகாரம் கண்ணில் படாது.

திரும்பும் வழிக்கும் ஒத்திகை வேண்டும் என்பதற்கு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலைச் சொல்லலாம். 2012 ஆகஸ்ட் 1. பங்கு வர்த்தகத்துக்கான புதிய மென்பொருளை எட்டுச் சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஒன்று விட்டுப்போனது. விட்டுப்போன சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரலை, மறுபயன்பாட்டுக்கு எடுத்த அதே கொடி (ஒரு வசதியை இயக்கச் சொல்லும் குறி) தட்டி எழுப்பிவிட்டது. சந்தை திறந்ததும் அது தாறுமாறாக வாங்கி விற்கத் தொடங்கியது. காரணம் புரியாத பதற்றத்தில், புதிய நிரலை மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அந்த ஏழும் பழைய நிரலை ஓட்டத் தொடங்கின. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் நட்டம். பின்வாங்குவதும் ஒரு மாற்றம்தான். அவர்கள் அதைச் சோதிக்காமல் செய்தார்கள்.

செப்டம்பர் 17

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. 5.7-இலிருந்து 8.0-க்கு ஏறிய தரவு அடைவைத் திரும்ப 5.7 திறக்காது; இறங்கும் வழியே ஆதரிக்கப்படவில்லை. ரேங்க், குரூப்ஸ் போன்றவை 8.0-இல் ஒதுக்கப்பட்ட சொற்கள். அப்படிப் பெயர் வைத்த பத்திகள் மேற்கோள் இல்லாமல் இருந்தால் கேள்வி உடையும். சிறு பதிப்பு என்றும் அலட்சியம் வேண்டாம். 2024 ஜூலையில் வந்த 8.0.38, பத்தாயிரத்துக்கு மேல் அட்டவணை இருந்தால் மறுதொடக்கத்தில் விழுந்துவிடும், 8.0.39-இல் சரிசெய்தார்கள்.

போஸ்ட்கிரஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 14.0 முதல் 14.3 வரை, கன்கரன்ட்லி முறையில் (பயன்பாட்டை நிறுத்தாமல்) கட்டிய இண்டெக்ஸ் சத்தமில்லாமல் பழுதாக வாய்ப்பிருந்தது. மருந்தாக ரீஇண்டெக்ஸ் செய்தவர்களுக்கே அந்த நோய் வந்திருக்கும். 2022 ஜூனில் 14.4 வந்த பிறகுதான் தீர்ந்தது.

செப்டம்பர் 18

பெரிய நிறுவனங்களுக்கு இதெல்லாம் ஒரு பொத்தான் என்று ஒருவர். நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் 1,200-க்கு மேற்பட்ட மைஎஸ்க்யூஎல் சர்வர்களை 5.7-இலிருந்து 8.0-க்குக் கொண்டுபோக ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. முதன்மைச் சர்வர் 8.0-க்குப் போன பிறகும், திரும்ப வசதியாக 5.7 ஓடும் சர்வர்களைச் சிறிது காலம் தயாராக வைத்திருந்தார்கள். பொத்தான் இருந்தால் அவர்களும் அழுத்தியிருப்பார்கள்.

செப்டம்பர் 22

நேரம் பற்றிய சண்டை. நான் சனி இரவுக்கு எதிரி. கூட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் கோளாறைக் கண்டுபிடிப்பவர்களே பயனாளர்கள்தான், அவர்கள் அப்போது தூங்குகிறார்கள். சேவை தருபவரின் திறமையான ஆள் தூங்குகிறார். நீங்களும் பாதி தூக்கத்தில் இருக்கிறீர்கள். செவ்வாய் அல்லது புதன், அதிகாலை 6 மணி. வேலை முடியும்போது எல்லாரும் விழித்திருப்பார்கள், வார நாள் இன்னும் மிச்சம் இருக்கும்.

இரவெல்லாம் கதவடைத்துச் செய்ய வேண்டிய வேலைக்கு இது பொருந்தாது என்று ஒருவர் மறுத்திருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். எட்டு மணி நேரம் மூட வேண்டிய வேலையைச் செவ்வாய்க் காலையில் வைக்க முடியாது. ஆனால் எட்டு மணி நேரம் மூடாமல் இருக்கத்தானே பக்கத்துச் சர்வர் வழி?

அக்டோபர் 7, காலை 8.30

கேட்டவர் இன்று காலை மாற்றிவிட்டார். பழையதில் எழுதுவதை நிறுத்தி, மிச்சம் வந்து சேரும்வரை காத்து, சீக்வென்ஸ்களை உயர்த்தி, முன்னோக்கிய சந்தாவை (பழையதிலிருந்து புதியது மாற்றங்களைப் பெறும் இணைப்பை) நீக்கி, திரும்பும் சந்தாவை "ஏற்கெனவே உள்ள தரவை நகலெடுக்காதே" என்று அமைத்து, அதன் பிறகே திறந்திருக்கிறார். இந்த வரிசை முக்கியம். முன்னோக்கிய சந்தா இருக்கும்போதே திரும்பும் சந்தாவைத் தொடங்கினால் ஒரே பதிவு இரண்டு சர்வருக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி முட்டிக்கொள்ளும்.

அக்டோபர் 7, மதியம்

ஓர் அறிக்கை முன்பு 2 வினாடி, இப்போது 30 வினாடியாம். திரும்பிவிடலாமா என்று கேட்கிறார். வேண்டாம், முதலில் இரண்டு விஷயம். புதிய சர்வரில், தரவின் புள்ளிவிவரத்தைத் திரட்டும் அனலைஸ் கட்டளை ஓட்டினீர்களா? தரவு வந்து சேர்ந்தாலும் அதன் புள்ளிவிவரம் கூட வராது. தானியங்கி ஒருநாள் எடுத்துக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து, ஜிட் தொகுப்பு (கேள்வியை ஓட்டும்போதே இயந்திர நிரலாக மாற்றும் வசதி) போஸ்ட்கிரஸ் 12-இலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. அந்த ஓர் அறிக்கைக்கு மட்டும் அதை நிறுத்திப் பாருங்கள்.

அக்டோபர் 7, மாலை

அனலைஸ்தான். ஓட்டியதும் ஒரு வினாடிக்குள் வருகிறதாம்.

அக்டோபர் 16

பழைய தரவுத்தளத்தை இனி நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார். மாதக் கடைசி அறிக்கை ஒரு முறை ஓடி முடியட்டும், அதுவரை வையுங்கள். நிறுத்தும்போது நேராக மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். திரும்பும் சந்தாவுக்காகப் புதிய சர்வரில் ஒரு ஸ்லாட் இருக்கிறது. பழையது வாங்கிக்கொள்ளும்வரை பரிவர்த்தனைப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. பழையது போனது அதற்குத் தெரியாது. டிஸ்க் நிரம்பும்வரை சேர்த்துக்கொண்டே போகும், நிரம்பியதும் புதிய சர்வர் நிற்கும். உச்சவரம்பு வைக்க 13-இலிருந்து ஓர் அமைப்பு உண்டு, ஆனால் இயல்புநிலையில் வரம்பு கிடையாது. எனவே முதலில் பழையதில் சந்தாவை நீக்குங்கள். பிறகு புதியதில் ஸ்லாட் பட்டியலைப் பார்த்து அது காலி என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகு நிறுத்தலாம்.

பிஎச்பிக்குத் தனியாகக் கேள்வி எழுதுங்கள். அந்த இரட்டைச் சமக்குறிகளை எப்படித் தேடிப் பிடிப்பது என்று அங்கே பேசலாம். 18.04-ஐ அதிக நாள் அப்படியே விடாதீர்கள், அதன் வழக்கமான ஆதரவு 2023-இலேயே முடிந்துவிட்டது.